மங்கல் டி.வி.யிலா, கண்ணிலா?

செல்போனை ஒயர் போட்டு டி.வி.யோடு இணைத்தாகிவிட்டது. உங்களுக்கு ஏகப்பட்ட நிம்மதி. 'அப்பாடா, இனிமே போனை மூக்குக்கு நேரா வெச்சுக்கிட்டு உட்கார மாட்டான்!' என்று.

மறுநாளே புது வம்பு ஆரம்பம். "அம்மா, எழுத்து சரியாத் தெரியலைம்மா" என்கிறான் பையன். "படம் ஒரே கலங்கலா இருக்கே" என்கிறார் மாமனார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது? ஒயரைத்தான் மாத்திப் பாரேன்" என்கிறார் கணவர்.

மூன்று பேரில் யார் சொல்வது சரி?

மூன்று பேர் சொல்வதுமே சரியாக இருக்கலாம்! டி.வி.யில் ஒரு கோளாறு, பையன் கண்ணில் ஒரு கோளாறு, தாத்தா மூக்குக் கண்ணாடியில் ஒரு கோளாறு என்று மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. ஒயரில் கோளாறு என்றால் சில நூறு ரூபாயோடு போகும். கண்ணில் உள்ள கோளாறை 'ஒயர் கோளாறு' என்று நினைத்து ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால்? அந்த வருஷம் திரும்பி வராது. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த இதழின் பாடம்.

கண்ணுக்கு என்ன லாபம்?

முதலில், எதற்காக இந்த ஒயர் வேலையெல்லாம்?

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அது ஹாயாக, தட்டையாக இருக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள குட்டித் தசை சுருங்கி, லென்ஸைக் குண்டாக்குகிறது. எவ்வளவு கிட்டமோ, அவ்வளவு உழைப்பு.

இந்த உழைப்பை அளக்கும் கணக்கு ரொம்ப சுலபம். ஒன்றை, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுங்கள். வருவதுதான் 'டயாப்டர்'. போனைக் குழந்தை 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 4 டயாப்டர். டி.வி.யை 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் வெறும் 0.4 டயாப்டர். அதாவது பத்தில் ஒரு பங்கு! கழுத்தும் குனிய வேண்டியதில்லை. டேப்லெட்டும் (மாத்திரை இல்லைங்க, பலகை மாதிரி இருக்கிற பெரிய போன்!) அப்படித்தான். மடியில் வைத்துப் பார்ப்பதைவிட டி.வி.யில் பார்ப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் மேல்.

ஆனால், 'டி.வி.க்கு மாத்திட்டோம், இனி எத்தனை மணி நேரம் வேணும்னாலும் பார்க்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். எந்தத் திரையை உற்றுப் பார்த்தாலும் இது 5, 7 என்று குறைந்துவிடுவது உண்டு. கண் உலர்ந்து எரிவது இதனால்தான்.

எல்லா போனும் படம் அனுப்பாது

"போனில் அந்தச் சின்ன முட்டை வடிவத் துளை இருக்கு. டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. இருக்கு. நடுவில் ஒரு அடாப்டர் போட்டா படம் வரும்தானே?"

அவசரப்படாதீர்கள். போனில் உள்ள அந்த யு.எஸ்.பி.-சி துளை வெளியே பார்க்க எல்லா போனிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஓடும் சங்கதி வேறு. சில போன்களில் அது சார்ஜ் ஏற்றவும் கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்பவும் மட்டும்தான். படத்தை வெளியே அனுப்பும் வசதி அதில் தனியாக இருக்க வேண்டும். அதற்கு 'டிஸ்ப்ளே போர்ட்' வசதி என்று பெயர். சாம்சங்கின் எஸ் வரிசையில் 2017ல் வந்த எஸ்8 முதற்கொண்டும், ஆப்பிளில் 2018ன் ஐபேட் ப்ரோ, 2023ன் ஐபோன் 15 ஆகியவற்றிலும் இது உண்டு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் கிடையாது. அந்த போனுக்கு எவ்வளவு விலை உயர்ந்த அடாப்டர் வாங்கினாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

எனவே கடைக்குப் போகும்போது போனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையில் உள்ள டி.வி.யில் சொருகி, படம் வந்த பிறகு காசு கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

அடாப்டரில் இன்னொரு கவனம். சிலவற்றில் '4கே 30' என்றும், சிலவற்றில் '4கே 60' என்றும் போட்டிருப்பார்கள். கடைசி எண், ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பது. 30 என்றால் திரையை நகர்த்தும்போது எழுத்து விட்டுவிட்டு, தத்தித் தத்தி நகரும். பாடம் படிக்கும் குழந்தைக்கு அது எரிச்சல். 60 உள்ளதாக வாங்குவது நல்லது. கூடவே சார்ஜ் ஏற்றுவதற்கும் ஒரு துளை இருக்கட்டும். பாடம் பாதியில் இருக்கும்போது போன் படுத்துவிடாது.

பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2012ல் ஐபோன் 5ல் தொடங்கி, ஐபோன் 14 வரை 'லைட்னிங்' என்ற மெல்லிய துளைதான். அதற்கான எச்.டி.எம்.ஐ. அடாப்டரை 2013ல் பேனிக் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தார் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருந்தது! போன் படத்தைச் சுருக்கி அனுப்ப, அடாப்டர் அதை விரித்து டி.வி.க்குக் கொடுக்கிறது. சுருக்கி விரித்த பட்டுப் புடவையில் மடிப்பு தெரிவதுபோல, வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான். அதற்கு டி.வி.யைக் குறை சொல்லக் கூடாது.

படம் எங்கே கெடுகிறது?

சரி, படம் வந்துவிட்டது. ஆனால் தெளிவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*ஒன்று: அனுப்புகிற படமே சின்னது.* நூற்றுக்குப் பாதி வீடுகளில் இதுதான் காரணமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காக யூட்யூப் போன்றவை தாங்களாகவே தரத்தைக் குறைத்துவிடும். '360' என்ற தரத்தில் ஒரு படத்தில் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் புள்ளிகள். '1080' என்றால் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம். சரியாக ஒன்பது மடங்கு! கையளவு போனில் 2 லட்சம் புள்ளி போதும். அதையே 43 அங்குல டி.வி.யில் இழுத்து ஒட்டினால், தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரிதான் இருக்கும். வீடியோவின் செட்டிங்ஸில் போய் '720' அல்லது '1080' என்று நீங்களே வையுங்கள்.

*இரண்டு: ஒயர்.* 'தங்க முலாம் பூசிய ஒயர் போட்டால் படம் பளிச்சென்று இருக்கும்' என்பார்கள். எச்.டி.எம்.ஐ. ஒயரில் போவது வெறும் 0, 1 என்ற கணக்கு. அது போய்ச் சேரும், அல்லது சேராது. ஒயர் பழுது என்றால் திரையில் புள்ளி புள்ளியாக மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது மொத்தமாகப் போய்விடும். *ஆனால் மங்கலாகாது.* இந்த ஒரு வரியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு, நல்லபடியாகச் செய்யப்பட்ட சாதாரண ஒயரே போதும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஒயர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் படம் மங்கலாகத்தான் வரும். எழுத்துப் படிக்க அது லாயக்கில்லை.

*மூன்று: ஓரம் வெட்டுப்படுவது.* பழைய காலத்துப் பெட்டி டி.வி.க்காக வந்த பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது. சில புது டி.வி.க்களிலும் அது ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஓரத்தில் உள்ள எழுத்து காணாமல் போவதோடு, புள்ளிகள் இழுபட்டு எழுத்தும் கலங்கும். 'பிக்சர் சைஸ்' பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள்.

*நான்கு: சிவப்பு எழுத்து மட்டும் வழிவது.* கறுப்பு எழுத்து சரியாக இருக்கிறது, சிவப்பு, நீல எழுத்துக்கள் மட்டும் மை ஊறிய மாதிரி தெரிகிறதா? சினிமாவுக்காக டி.வி. நிற விவரங்களில் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. முகம், மரம், மலை காட்டும்போது அது தெரியாது. எழுத்தில் தெரிந்துவிடும். போன் சொருகியிருக்கும் இணைப்புக்கு டி.வி.யின் மெனுவில் 'பி.சி.' என்று பெயர் கொடுத்துப் பாருங்கள். பல டி.வி.க்களில் எழுத்து உடனே தெளியும்.

*ஐந்து: கூர்மை.* 'ஷார்ப்னஸ்' என்பதை முழுதாக ஏற்றி வைத்திருப்பார்கள். அது புதிதாக எந்தத் தெளிவையும் தருவதில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது, அவ்வளவுதான். குறையுங்கள். 'விவிட்', 'டைனமிக்' என்ற கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், ஷோரூமில் வாடிக்கையாளரை இழுப்பதற்கு. வீட்டுக்கு 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மூவி' போதும்.

போனைப் படுக்கப் போடுங்கள்!

43 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ. போனை நிற்க வைத்தபடி இணைத்தால், அந்த உயரத்துக்குள் ஒல்லியாக ஒரு பட்டைதான் தெரியும். இன்றைய நீளமான போன் என்றால் பட்டையின் அகலம் வெறும் 24 செ.மீ. மீதி முக்கால் பங்கு டி.வி. கறுப்பு!

இதில் எழுத்துக் கணக்கைப் பாருங்கள். போனில் 2 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு எழுத்து, நிற்க வைத்த போனிலிருந்து டி.வி.க்குப் போனால் சுமார் 7 மி.மீ. ஆகும். 'பெரிசாத்தானே ஆச்சு?' ஆமாம். ஆனால் நீங்கள் உட்காரும் தூரம் 25 செ.மீ.யிலிருந்து 2.5 மீட்டராக, பத்து மடங்கு கூடிவிட்டதே! கண்ணுக்கு அந்த எழுத்து, கையில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். குழந்தை எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நிற்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். போனைப் படுக்கப் போட்டால், அதே எழுத்து சுமார் 13 மி.மீ. ஆகும். அப்போதும் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் உட்கார்ந்தால்தான் கையில் பார்த்த அதே அளவு கிடைக்கும். இன்னும் தள்ளி உட்கார வேண்டுமானால், போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.

'4கே' டி.வி.தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில். நல்ல பார்வை உள்ள கண், '1080' படத்தின் புள்ளிகளை 43 அங்குல டி.வி.யில் சுமார் 1.7 மீட்டர் வரைதான் பிரித்தறியும். அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் 4கேயும் 1080-ம் ஏறக்குறைய ஒன்றுதான். காசை மிச்சம் பிடித்துக் கண் டாக்டரிடம் போய் வரலாம்.

இப்போது முக்கியமான பரிசோதனை

படத்தைச் சரி செய்தாகிவிட்டது. இன்னும் பையன், "தெரியலைம்மா" என்கிறான். திட்டாதீர்கள். 'டேய், தள்ளி உட்காருடா' என்று இழுத்து உட்கார வைக்கவும் வேண்டாம். முதலில் இதைக் கவனியுங்கள்.

கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கு, கிட்டத்தில் இருப்பது தெளிவாகவே தெரியும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர் வரை தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர் வரை. போனை அது 25, 30 செ.மீ.யில்தானே பிடிக்கிறது? அதனால் போனில் பாடம் படித்த காலத்தில் குறை உங்களுக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்! டி.வி.க்கு மாற்றியதும்தான் குட்டு உடைகிறது. அந்த வகையில் உங்கள் ஒயர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது.

வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

1. கண் நன்றாக உள்ள இன்னொருவரைக் குழந்தை உட்காரும் அதே இடத்தில் உட்கார வையுங்கள். அவருக்கும் மங்கலா? அப்படியானால் படத்தில் குறை. அவருக்குத் தெளிவு, குழந்தைக்கு மட்டும் மங்கலா? கண்ணைச் சந்தேகப்படுங்கள்.

2. டி.வி.யை அணைத்துவிடுங்கள். எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். காலண்டருக்கு ஒயர் கிடையாது!

3. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றி. இது ரொம்ப முக்கியம். ஒரு கண் நன்றாக இருந்தால், இன்னொரு கண்ணின் குறை வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால் அது 'சோம்பல் கண்' ஆகிவிடும். சின்ன வயதிலேயே, முடிந்தால் ஏழு எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். தள்ளிப்போகப் போகக் கஷ்டம்.

4. தடித்த அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியாக டி.வி.யைப் பார்க்கச் சொல்லுங்கள். (ஊசியை நீங்கள் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் கொடுங்கள்.) எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றால், கண்ணாடி போட்டால் சரியாகக்கூடிய குறையாக இருக்கலாம்.

5. மங்கல் எப்படிப்பட்டது என்று கேளுங்கள். மின்னுவதும் விட்டுவிட்டு வருவதும் ஒயரின் குணம். எந்நேரமும் ஒரே சீரான மங்கல் என்றால் அது ஒயர் இல்லை.

குழந்தை கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, அடிக்கடி கண்ணைக் கசக்குவது, பள்ளியில் போர்டைப் பார்த்து எழுதத் திணறுவது ஆகியவையும் அடையாளங்கள். ஒன்று இருந்தாலும் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டுப் பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்புவதற்கு மட்டும்தான். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் மங்கல் வேறு

தாத்தா போட்டிருப்பது பேப்பர் படிக்கும் கண்ணாடியா என்று பாருங்கள். பிளஸ் 2 கண்ணாடி, தூரப் பார்வை சரியாக உள்ளவருக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு தரும். அதைப் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தால் மங்கத்தான் செய்யும். கழற்றினால் சரியாகிவிடும்! 'கீழே படிக்க, மேலே தூரத்துக்கு' என்ற இரட்டைக் கண்ணாடி போட்டவர், ஈஸிசேரில் சாய்ந்து படுத்தால் கீழ்ப் பாகத்தின் வழியாக டி.வி.யைப் பார்ப்பார். நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல், விளக்கைப் பார்த்தால் கூச்சம், நாளாக ஆக மங்கல் கூடுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

*கிட்ட உட்கார்ந்து டி.வி. பார்த்தால் கண் கெட்டுவிடுமா?*
1967ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சில பெரிய கலர் டி.வி.க்களில் அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிவதாகக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கினார்கள். கிட்ட உட்காருவது பற்றிய பயத்துக்கு அது வலுச் சேர்த்தது. இன்றைய தட்டை டி.வி.யில் அந்தப் பயம் இல்லை. ஆனால் குழந்தை எப்போதும் கிட்டவே போகிறது என்றால், ஏன் போகிறது என்று பாருங்கள்.

*நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?*
2023ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதனால் கண் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்றது. காசை வீணாக்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 விநாடி, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது பார்ப்பது இலவசம்.

*விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாமா?*
வேண்டாம். இருட்டில் பளிச்சென்ற திரை கண்ணைக் கூச வைக்கும். அறையில் ஒரு விளக்கு எரியட்டும். அதன் பிம்பம் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*போனில் சினிமா ஓடுகிறது, டி.வி.யில் மட்டும் கறுப்பாக இருக்கிறதே?*
கட்டணப் படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளாத மலிவு அடாப்டர் என்றால் இப்படித்தான் ஆகும்.

*இரண்டு வயசுக் குழந்தைக்கும் காட்டலாமா?*
2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைவு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். தொங்கும் ஒயரைத் தவழும் குழந்தை பிடித்து இழுத்தால் டி.வி.யே மேலே விழலாம். டி.வி.யைச் சுவரோடு பொருத்தி, ஒயரை ஓரமாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை மூன்று வருடம் கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். 2015ல் முடிவு வெளியானது. வெளியே விளையாடிய குழந்தைகளில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவிகிதம் பேருக்கு. மற்றவர்களில் 39.5 சதவிகிதம். வெயில் வெளிச்சத்துக்கு அத்தனை மதிப்பு! எந்த ஒயரும், எந்த டி.வி.யும் இதற்கு ஈடாகாது.

வீட்டுப் பாடம்: வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டி.வி.யில் ஓடும் எழுத்தையும் சுவர்க் காலண்டரையும் படிக்கட்டும். குழந்தைகள் முதலில், பிறகு தாத்தா பாட்டி. எல்லாருக்கும் பார்த்துவிட்டு, 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நீங்களும் ஒரு தடவை படித்துப் பாருங்கள், அம்மா!